மாற்றி வைத்த சதையில் உணர்வு திரும்ப: நுண்ணறுவை நரம்பிணைப்புக்குச் செல்வோருக்கு ஒரு வழிகாட்டி

புற்றுநோய்க்காக மார்பகத்தை அகற்றிய பின் வயிற்றுச் சதையைக் கொண்டு புதிய மார்பகம் அமைக்கும்போதும், நாக்கின் ஒரு பகுதியை எடுத்துவிட்ட இடத்தில் முன்கைத் தோலை வைத்துத் தைக்கும்போதும், இயந்திரத்தில் சிதைந்த விரல்நுனிக்குக் கால்விரலின் சதையை மாற்றும்போதும் குடும்பத்தார் முதலில் கேட்பது "ஒட்டுமா?" என்பதுதான். அது நியாயமான கேள்வி. மாற்றி வைத்த சதைக்குள் இரத்தம் ஓடினால் அது பிழைக்கும். ஓடாவிட்டால் சில மணி நேரத்திலேயே கெடத் தொடங்கும். ஆனால் அதற்கு அடுத்த கேள்வியை, "அதைத் தொட்டால் தெரியுமா?" என்பதை, பெரும்பாலோர் வீடு திரும்பிய பிறகே கேட்கிறார்கள். அப்போது அந்தக் கேள்விக்குச் செய்யக்கூடியது மிகவும் குறைந்துபோயிருக்கும். கோலாலம்பூரில் தொழில்வழிச் சிகிச்சை (ஆக்குபேஷனல் தெரபி) பிரிவில் இத்தகைய நோயாளிகளுடன் பழகி வருகிறவன் என்ற முறையில், அந்த இரண்டாவது கேள்வியை அறுவைக்கு முன்பே கேட்கவும், அறுவைக்குப் பின் உணர்வைப் படிப்படியாக வளர்த்தெடுக்கவும் உதவும் என்று நம்பி இதை எழுதுகிறேன்.

முதலில் புரிந்துகொள்ள வேண்டியவை

உடலின் ஓரிடத்திலிருந்து தோலையும் கொழுப்பையும், சில வேளைகளில் தசையையும், அவற்றுக்குரிய இரத்தக் குழாயோடு சேர்த்து எடுத்து வேறிடத்தில் வைப்பதை மருத்துவர்கள் ஃப்ளாப் என்பார்கள். தமிழில் திசுமடல் எனலாம். மடலின் தமனியையும் சிரையையும் புதிய இடத்தில் உள்ள குழாய்களோடு நுண்ணோக்கியின் கீழ் இணைத்தால்தான் மடல் உயிர்வாழும். நரம்பை இணைப்பது தனி வேலை. அதைச் செய்யாவிட்டாலும் மடல் பிழைத்துக்கொள்ளும். பார்வைக்கு நன்றாக ஆறிய சதை தொட்டால் மரக்கட்டையாக இருப்பதற்கு இதுவே காரணம். நரம்பை இணைக்காத மடல்களிலும், சுற்றியுள்ள தோலிலிருந்தும் அடியிலிருந்தும் நரம்பிழைகள் ஊர்ந்து வந்து ஓரளவு உணர்வு திரும்புவது உண்டு. ஆனால் அது எப்போது வரும், எந்த அளவுக்கு வரும் என்பதை முன்கூட்டிச் சொல்ல முடியாது. மடலின் நடுப்பகுதி பெரும்பாலும் கடைசி வரை மரத்தே கிடக்கும்.

ஒரு நரம்பை வெட்டினால், வெட்டிய இடத்துக்கு அப்பால் உள்ள இழைகள் அழிந்துவிடும். இதை 1850இல் அகஸ்டஸ் வாலர் விளக்கினார். இன்றும் அந்தச் சிதைவு அவர் பெயராலேயே வழங்குகிறது. இழைகள் அழிந்தாலும் அவை ஓடிய உறைகள் வெற்றுக் குழல்களாக எஞ்சியிருக்கும். மேல்முனையிலிருந்து முளைக்கும் புதிய இழைகள் அந்தக் குழல்களுக்குள் நுழைந்து, பழைய தடத்தில் தோல்வரை வளர வேண்டும். அறுவை மருத்துவர் செய்வது இரண்டு முனைகளையும் நேராகவும் இழுவிசையின்றியும் சேர்த்துவைப்பது மட்டுமே. வளர்வது உடலின் வேலை. அந்த வளர்ச்சி தொடங்கவே சில வாரங்கள் ஆகும்; பிறகு நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மி.மீ. என்ற வேகத்தில் நடக்கும். இணைப்பிலிருந்து தோல் 12 செ.மீ. தொலைவில் இருந்தால் 120 நாள்கள், அதனோடு தொடக்கத் தாமதம் ஒரு மாதம், ஆக முதல் அறிகுறிக்கே ஏறக்குறைய ஐந்து மாதங்கள் என்று கணக்கிடலாம். அந்த அறிகுறி பயன்படக்கூடிய உணர்வாக முதிர்வதற்கு மேலும் பல மாதங்கள், சிலருக்கு ஓராண்டுக்கும் மேல், ஆகும். இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டவர்கள் மூன்றாம் மாதத்தில் மனம் உடைந்துபோவதில்லை. அதனால்தான் இதைத் தொடக்கத்திலேயே சொல்கிறேன்.

இன்னும் இரண்டு செய்திகள். ஒன்று, உணர்வு எந்த இடத்தில் தெரியும் என்பதைத் தீர்மானிப்பது மடலோடு வந்த நரம்பு அல்ல. அதை ஏற்றுக்கொண்ட நரம்பு. முன்கைத் தோலை நாக்குக்கு மாற்றி, அதன் நரம்பை நாக்கு நரம்போடு இணைத்தால், உணர்வு திரும்பும்போது மூளை அதை நாக்கு என்றே படிக்கும். இரண்டு, தோலுக்குத் தோல் எல்லை உண்டு. விரல்நுனியில் இரண்டு முனைகளை 6 மி.மீ.க்கும் குறைவான இடைவெளியில் வைத்தாலும் இரண்டு என்று தெரியும். வயிற்றுத் தோலில் அதே வேறுபாடு தெரிய 30 மி.மீ.க்கும் மேல் இடைவெளி வேண்டும். எனவே வயிற்றுத் தோல் எவ்வளவு நன்றாக நரம்பு பெற்றாலும் விரல்நுனியின் கூர்மையை எட்டாது. விரல்நுனிக்குக் கால் பெருவிரலின் சதையைத் தேர்ந்தெடுப்பதற்கு இதுவும் ஒரு காரணம்: இரண்டும் முடியற்ற, தொடுமுனைகள் செறிந்த தோல்.

இதுவரை சொன்னது நம் சொந்தச் சதையை இடம் மாற்றுவது பற்றி. பிறருடைய உறுப்பைப் பொருத்தினாலும் நரம்பின் கதை இதேதான். 2000ஆம் ஆண்டு மே மாதம் செலாயாங் மருத்துவமனையில் டாக்டர் வி. பத்மநாதன் தலைமையிலான குழு, பிறந்து ஏறக்குறைய ஒரு மாதமே ஆன குழந்தைக்கு அதன் ஒத்த இரட்டையின் கையைப் பொருத்தியது. ஒத்த இரட்டையர் என்பதால் உடல் அந்தக் கையை அந்நியமாகக் கருதி எதிர்க்கவில்லை. எலும்பு, குழாய், தசைநாண் ஆகியவற்றோடு நரம்புகளையும் இணைத்தால்தான் அப்படிப் பொருத்திய கை பயன்படும் கையாகும்.

அறுவைக்கு முன்: கேட்க வேண்டியவை

மலேசிய அரசுத் துறையில் பயணம் வழக்கமாக கிளினிக் கெசிஹாத்தான் எனப்படும் அரசுச் சுகாதார மருந்தகத்தில் பெறும் பரிந்துரைக் கடிதத்தில் தொடங்கும். கோலாலம்பூர் மருத்துவமனை, மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையம், செராசில் உள்ள தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனை, செலாயாங் மருத்துவமனை, பினாங்கு மருத்துவமனை ஆகியவற்றில் நுண்ணறுவை செய்யும் ஒட்டறுவை (பிளாஸ்டிக் சர்ஜரி) அல்லது கை அறுவைப் பிரிவுகள் இயங்குகின்றன. கைக்காயம் பெரும்பாலும் கை மற்றும் நுண்ணறுவைப் பிரிவுக்கும், மார்பகம், வாய், கால் ஆகியவற்றின் மறுசீரமைப்பு பெரும்பாலும் ஒட்டறுவைப் பிரிவுக்கும் செல்லும்.

முதல் சந்திப்பில் இந்தக் கேள்விகளைத் தயங்காமல் கேளுங்கள். மடலில் உணர்நரம்பு சேர்த்து எடுக்கப்படுமா? அதை இணைக்க, புதிய இடத்தில் எந்த நரம்பு கிடைக்கும்? இடைவெளி வந்தால் எதைக் கொண்டு நிரப்புவீர்கள்? இணைக்க முடியாது என்றால், ஏன்? கடைசிக் கேள்விக்கு நியாயமான விடைகள் பல உண்டு: புற்றுநோய் நரம்பையும் பற்றியிருக்கலாம், கதிர்வீச்சால் அந்த இடம் இறுகியிருக்கலாம், நோயாளியின் உடல்நிலை நீண்ட மயக்கத்தைத் தாங்காததாக இருக்கலாம். விடை எதுவானாலும் அதை முன்பே அறிந்திருப்பது, பின்னால் ஏமாந்து நிற்பதை விட மேலானது.

மார்பக மறுசீரமைப்பில் ஒரு நுட்பம் அடிக்கடி விடுபட்டுப்போகிறது. வயிற்று மடலின் உணர்நரம்பைப் பெரும்பாலும் மார்புக்கூட்டின் மூன்றாம் விலாவிடை நரம்பின் முன்கிளையோடு இணைப்பார்கள். அந்த முன்கிளை மார்பகத்தை அகற்றும்போதே வெட்டுப்படும் இடத்தில்தான் இருக்கிறது. அகற்றுபவர் ஒரு மருத்துவராகவும் மறுசீரமைப்பவர் வேறொருவராகவும் இருப்பது வழக்கம். எனவே இருவரிடமும் தனித்தனியே "எனக்கு நரம்பிணைப்பு வேண்டும், அந்த நரம்பின் முனையைக் காப்பாற்ற முடியுமா?" என்று கேட்டு, விடையை எழுதிவைத்துக்கொள்ளுங்கள். கேட்டால் மருத்துவர் கோபப்படுவாரோ என்று நம் பெண்கள் அஞ்சுவதைப் பார்த்திருக்கிறேன். இது உங்கள் உடல். கேட்பதற்கு உங்களுக்கு முழு உரிமை உண்டு.

வாய்ப்புற்றுநோய் பற்றித் தனியே சொல்ல வேண்டும். மலேசியாவில் இந்நோய் பிற இனத்தாரை விட இந்தியர்களிடம், குறிப்பாகப் பெண்களிடம், அதிகமாகக் காணப்படுகிறது. வெற்றிலையோடு பாக்கும் புகையிலையும் சேர்த்து மெல்லும் பழக்கம் இதற்கு முதன்மைக் காரணம். நாக்கு மறுசீரமைப்பில் உணர்வு என்பது வசதிக்கான ஒன்று அன்று. உணவு எங்கே நிற்கிறது என்று தெரியாத வாயில் சோற்றுப்பருக்கைகள் மடலின் ஓரத்தில் தங்கிவிடும். விழுங்கும்போது தவறி மூச்சுக்குழாய்க்குள் இறங்கவும் கூடும். ஆகவே நாக்கு நரம்பைக் காப்பாற்ற முடியுமா, முன்கைத் தோலின் நரம்பை அதனோடு இணைப்பார்களா என்று கேட்பது மிகவும் அவசியம்.

உடலைத் தயார் செய்வதில் முதலாவது புகையிலையை முற்றிலும் விடுவது. மென்றாலும் புகைத்தாலும் நிக்கோட்டின் நுண்குழாய்களைச் சுருக்கி மடலையே இழக்கச் செய்யும். அடுத்தது சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பது. நீடித்த உயர் சர்க்கரை நரம்பையும் ஆறும் திறனையும் ஒருங்கே கெடுக்கும். நம்மவர்களில் பலர் ஆண்டுக்கணக்கில் மெட்ஃபார்மின் உண்பவர்கள். அம்மருந்து உடலில் வைட்டமின் பி12 அளவைக் குறைக்கக்கூடியது. சைவ உணவினருக்கு அது ஏற்கெனவே குறைவாக இருக்க வாய்ப்புண்டு. நரம்புக்கு இன்றியமையாத சத்து என்பதால், அறுவைக்கு முன் பி12 அளவைச் சோதிக்கும்படி கேளுங்கள். பக்லிடாக்சல், சிஸ்பிளாட்டின் போன்ற புற்றுநோய் மருந்துகளும் நரம்பைப் பாதிக்கும். அதற்காக அவற்றைத் தவிர்க்கக் கூடாது, ஆனால் உணர்வு தாமதமாகத் திரும்புவதற்கு அவையும் காரணமாகலாம் என்று தெரிந்திருக்க வேண்டும்.

அறுவை அறையில் நடப்பது

இதை விரிவாக அறிய வேண்டிய தேவை நோயாளிக்கு இல்லை. முதலில் குழாய்களை இணைத்து இரத்த ஓட்டத்தை மீட்பார்கள். பிறகு பெரும்பாலும் நரம்பு. நரம்பின் முனைகளை நல்ல இழைகள் தெரியும் வரை சீவி, அதன் வெளியுறையை 9-0 அல்லது 10-0 நைலான் நூலால் சில தையல்களில் சேர்ப்பார்கள். 10-0 நூலின் தடிமன் 0.03 மி.மீ.க்கும் குறைவு. இழுத்துக் கட்டிய நரம்பில் தழும்பு மிகுந்து இழைகள் கடந்து செல்லாது என்பதை வியன்னாவின் ஹன்னோ மில்லேசி 1970களில் வலியுறுத்தினார். அதனால்தான் முனைகள் தளர்வாக எட்டவில்லையென்றால் இடையில் வேறொன்றை வைக்கிறார்கள்: சிறிய இடைவெளிக்குக் குழாய்போன்ற நரம்புக்கூடு அல்லது பதப்படுத்திய கொடையாளர் நரம்பு, பெரிய இடைவெளிக்குப் பெரும்பாலும் கெண்டைக்காலின் பின்புறம் ஓடும் சூரல் நரம்பின் துண்டு. சூரல் நரம்பை எடுத்தால் பாதத்தின் வெளிவிளிம்பு மரத்துப்போகும். இது நிலையான விலை. ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடும் முன் இதைப் பற்றிப் பேசிவிடுங்கள்.

முதல் வாரங்கள்

முதல் சில நாள்களில் தாதியர் மடலின் நிறம், சூடு, அழுத்தினால் இரத்தம் திரும்பும் வேகம் ஆகியவற்றை அடிக்கடி பார்ப்பார்கள், இரவிலும் எழுப்புவார்கள். அந்நாள்களில் நரம்பைப் பற்றி யாரும் பேசாவிட்டால் கவலைப்பட வேண்டாம், அப்போது மடல் பிழைப்பதுதான் முதன்மை. நரம்பிணைப்பு இழுபடாமல் இருக்கும்படி மூட்டுகளை எவ்வளவு அசைக்கலாம் என்று மருத்துவர் வரையறுப்பார். விரல் நரம்பு என்றால் ஏறக்குறைய 3 வாரங்களுக்கு மடங்கிய நிலையில் விரலை அசையாமல் தாங்கும் ஸ்பிளிண்ட் அணிய நேரலாம். "வேகமாகக் குணமாகட்டும்" என்று உறவினர் எண்ணெய் தடவி நீவுவதற்கு இந்தக் காலத்தில் இடமே இல்லை. காயம் முழுமையாக மூடி மருத்துவர் அனுமதித்த பிறகே தழும்பை நீவலாம்.

வீடு திரும்புவதற்கு முன், தொழில்வழிச் சிகிச்சைப் பிரிவுக்கான பரிந்துரையைக் கேட்டு வாங்குங்கள். பலகையில் பெமுலிஹான் சாரா கெர்ஜா என்று எழுதியிருக்கும். வேலையிடத்துக் காயம் என்றால், சொக்சோ என்னும் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தின் காப்புறுதி உள்ளவர்களுக்கு வேலைக்குத் திரும்பும் திட்டத்தின் கீழ் மறுவாழ்வுச் சிகிச்சை கிடைக்கும். அந்தப் பதிவை முதலாளி செய்துவிட்டாரா என்பதை நீங்களே உறுதிசெய்துகொள்ளுங்கள்.

உணர்வில்லாத மாதங்கள்

இந்தக் காலமே ஆபத்தானது. சதை உயிரோடு இருக்கிறது, ஆனால் வலி என்னும் காவல் இல்லை. வியர்வை நரம்புகளும் அறுந்திருப்பதால் மடலின் தோல் வறண்டு, எளிதில் வெடிக்கும். நம் வீடுகளிலும் வழக்கங்களிலும் உள்ள தீங்குகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்க்க வேண்டும்.

மார்பக மடலுக்கும், அதற்குச் சதை தந்த வயிற்றுக்கும், சூட்டு ஒத்தடம் முதல் எதிரி. வயிறு இழுக்கிறது என்று வெந்நீர்ப் பையை வைத்துக்கொண்டு தூங்கியவர்கள் கொப்புளத்தோடுதான் விழிப்பார்கள். கடுமையான தைலத்தையும் அங்கே பூசாதீர்கள். கைவிரலில் மடல் உள்ளவர்கள் தோசைக்கல், குக்கர் மூடி, இட்லிப்பானை ஆகியவற்றை மறுகையால் கையாள வேண்டும். கோயிலில் தீபாராதனைத் தட்டின் மேல் கையை நீட்டி ஒற்றிக்கொள்ளும்போதும் நல்ல கையையே நீட்டுங்கள். குளியலறை ஹீட்டரின் நீரை உணர்வுள்ள முழங்கையால் சோதித்த பிறகே மடலின் மேல் விடுங்கள். மோட்டார் சைக்கிளின் புகைக்குழாய் கெண்டைக்கால் மடலைச் சுடுவது நம் ஊரில் சாதாரணமாக நடக்கும் விபத்து. பின்னால் உட்கார்ந்து செல்பவர் நீண்ட கால்சட்டை அணிந்தே ஏற வேண்டும்.

பாதத்திலோ குதிகாலிலோ மடல் உள்ளவர்களுக்குத் தைப்பூசம் பெரிய சோதனை. ஜாலான் துன் எச். எஸ். லீ மகா மாரியம்மன் ஆலயத்திலிருந்து பத்துமலை வரை வெள்ளி இரதம் செல்லும் வழி ஏறத்தாழ 15 கி.மீ.; அதன் பின் 272 படிகள். பினாங்கில் தண்ணீர்மலை முருகன் கோயிலில் படிகள் 500க்கும் மேல். மரத்த குதிகாலோடு சுட்ட தாரில் வெறுங்காலில் நடந்தால், புண் வந்ததே இரவில் காலுறையில் இரத்தக்கறை பார்த்த பிறகுதான் தெரியும். நேர்த்திக்கடனை விட்டுவிடுங்கள் என்று சொல்ல மாட்டேன். உணர்வு திரும்பிச் சோதனையில் அது உறுதியாகும் வரை ஒத்திவையுங்கள், அல்லது உங்களுக்காக உறவினர் ஒருவர் நடக்கட்டும். கோயில் வாசலில் காலணியைக் கழற்றும் மற்ற நாள்களில் வெயில் ஏறும் முன்பே சென்று, நிழலான தரையில் நடந்து, திரும்பியதும் உள்ளங்காலைக் கண்ணாடியில் பார்த்துவிடுங்கள்.

வாயில் மடல் உள்ளவர்கள் கஞ்சி, தேநீர் எதையும் முதலில் மணிக்கட்டில் ஒரு துளி விட்டுப் பார்த்த பின் குடிக்க வேண்டும். உண்டு முடித்தபின் கண்ணாடி முன் நின்று மடலின் ஓரங்களில் உணவு தங்கியிருக்கிறதா என்று பார்த்து, மென்மையான தூரிகையால் நீக்குங்கள். தன் பல்லே மடலைக் கடித்துப் புண்ணாக்குவதும் உண்டு. ஈறும் மடலும் சேரும் கோட்டில் வெள்ளைத் திட்டோ ஆறாத புண்ணோ தெரிந்தால் தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

நாள்தோறும் ஒரே நேரத்தில், குளித்த பின், நல்ல வெளிச்சத்தில் மடலைப் பார்க்கும் வழக்கம் வேண்டும். பிறகு வாசனையற்ற மாய்ஸ்சரைசர் அல்லது சிறிது தேங்காய் எண்ணெய் தடவுங்கள். வாய்க்குள் உள்ள மடலுக்கு இது பொருந்தாது.

உணர்வு திரும்பும் அறிகுறிகள்

புதிய இழைகள் எதுவரை வந்திருக்கின்றன என்பதை அறிய எளிய வழி ஒன்று உண்டு. நரம்பின் தடத்தில் கீழிருந்து மேலாக விரல்நுனியால் மெல்லத் தட்டிக்கொண்டே வந்தால், வளரும் முனை இருக்கும் இடத்தில் மின்சாரம் பாய்வதுபோல் சுரீரென்று ஓடும். 1915இல் ஜூல் டினெல் விவரித்த குறி இது. அந்த இடம் மாதந்தோறும் முன்னேறினால் நரம்பு வளர்கிறது என்று கொள்ளலாம். சிகிச்சையாளர் அதை அளந்து குறித்துக்கொள்வார். நீங்களாக அடிக்கடி தட்டிப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம்.

உணர்வு ஒரே நாளில் முழுமையாக வந்துவிடாது. பொதுவாகக் கூரிய வலியும் சூடு குளிர்ச்சியும் முதலில் வரும். அடுத்து நகரும் தொடுகை. அதன் பின் ஓரிடத்தில் நிலைத்த தொடுகை. கடைசியாக நுட்பமான வேறுபாடுகள். இடையில் எறும்பு ஊர்வது போன்ற கூச்சமும், எரிச்சலும், காரணமின்றிக் குத்தலும் வரும். பெரும்பாலானவருக்கு இவை நல்ல செய்தியே. ஆனால் மருத்துவரிடம் சொல்லும்போது எல்லாவற்றையும் "மரத்துப்போயிருக்கு" என்ற ஒரே சொல்லில் அடக்காமல், எங்கே, எப்போது, எரிகிறதா, குத்துகிறதா, தெரியவே இல்லையா என்று பிரித்துச் சொல்லுங்கள். ஒரே புள்ளியில் தொட்டாலே துடிக்கும் வலி நரம்பு முனையில் கட்டி உருவானதைக் குறிக்கலாம். முழுக் கையும் வீங்கி, நிறம் மாறி, தாங்க முடியாத எரிச்சலோடு இருந்தால் உடனே காட்ட வேண்டும்.

மூளைக்குக் கற்பித்தல்

இதுவே நீங்கள் செய்ய வேண்டிய பெரும்பணி. வளர்ந்த இழைகள் எல்லாம் தத்தம் பழைய இடத்துக்கே போய்ச் சேருவதில்லை. மூளைக்கு வரும் செய்தி குழம்பியே வரும். குழம்பிய செய்தியைப் பயிற்சியின் மூலம் படிக்கக் கற்றுக்கொள்ளலாம் என்பது கைச் சிகிச்சையில் நெடுநாள் அனுபவம். பிறமொழி நடுவே குடியேறியவர் கேட்டுக் கேட்டு அதைப் புரிந்துகொள்வது போன்றதுதான் இதுவும்: ஒலி முன்பே காதில் விழுகிறது, பொருள் பின்னர் வருகிறது.

உணர்வு ஏதும் வராத காலத்திலேயே தொடங்கலாம். அமைதியான அறையில் அமர்ந்து, மடலைக் கண்ணால் பார்த்தபடி மெல்லத் தடவுங்கள். அதே நேரம் மறுபக்கத்தில் உள்ள இணையான இடத்தையும் அதே போலத் தடவி, அங்கே தெரியும் உணர்வை இங்கே தெரிவதாக எண்ணிப் பாருங்கள். கை என்றால் நடுவில் ஒரு கண்ணாடியை நிறுத்தி, நல்ல கையின் பிம்பத்தைப் பார்த்தபடி அதைத் தொடச் சொல்வோம். அந்த இடத்துக்கு மூளையில் உரிய பகுதி வேலையின்றிச் சுருங்கிவிடாமல் இருப்பதற்காக இதைச் செய்கிறோம்.

நகரும் தொடுகை தெரியத் தொடங்கியதும் அடுத்த கட்டம். பென்சிலின் ரப்பர் முனையால் மடலின் மேல் ஒரு கோடு இழுங்கள். முதலில் கண்ணைத் திறந்து பாருங்கள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு அதே கோட்டை உணருங்கள். மீண்டும் திறந்து, உணர்ந்ததும் பார்த்ததும் ஒன்றுதானா என்று ஒப்பிடுங்கள். திற, மூடு, திற: எல்லாப் பயிற்சிகளுக்கும் இதே வரிசை. கோடு தெளிந்தபின் ஓரிடத்தில் அழுத்துங்கள். பிறகு வீட்டில் ஒருவர் தொட, நீங்கள் கண்ணை மூடியபடி எந்த இடம் என்று சுட்டிக்காட்டுங்கள். தவறினால் கண்ணைத் திறந்து சரியான இடத்தைப் பார்த்தபடி மீண்டும் தொடச் செய்யுங்கள். ஒரு முறைக்கு பத்துப் பதினைந்து நிமிடம் போதும். ஆனால் நாளில் மூன்று நான்கு முறை செய்ய வேண்டும். வாரத்தில் ஒரு நாள் ஒரு மணி நேரம் செய்வதால் பயனில்லை.

கைக்கு அடுத்த பாடம் சமையலறையிலேயே இருக்கிறது. தனித்தனிக் கிண்ணங்களில் பச்சரிசி, ரவை, உளுந்து, கடலைப்பருப்பு, வெந்தயம், கடுகு எடுத்துக்கொள்ளுங்கள். மிக வேறுபட்ட இரண்டில் தொடங்கி, ரவையும் கடலைப்பருப்பும் பிரித்தறிந்த பிறகு, ஒத்த அளவுடையவற்றுக்கு வாருங்கள். உளுந்தையும் வெந்தயத்தையும் கண்ணை மூடிப் பிரித்துவிட்டவர் நெடுந்தூரம் வந்துவிட்டார் என்று சொல்வேன். பிறகு பொருள்கள்: சாவி, பொத்தான், புளியங்கொட்டை, சோழி. அரிசி நிறைந்த டின்னுக்குள் அவற்றைப் புதைத்துக் கையால் தேடி எடுக்க வேண்டும். 5, 10, 20, 50 சென் நாணயங்களைப் பார்க்காமல் பிரிப்பது கடினமான பயிற்சி. கடையில் கல்லாவில் நிற்பவர்களுக்கு அது பயிற்சியாகவும் தொழிலாகவும் ஆகிவிடுகிறது.

மார்பக மடலுக்குக் குளித்த பின் பருத்தித் துண்டு, பட்டு, மென்தூரிகை என்று துணி வேறுபாடுகளில் தொடங்கலாம். பல பெண்கள் அந்த இடத்தைத் தொடுவதையும் பார்ப்பதையும் தவிர்த்தே பல மாதங்கள் கழித்துவிடுகிறார்கள். அந்தத் தயக்கத்தை மதிக்கிறேன், அவசரப்படுத்துவதால் நன்மையில்லை. முதலில் ஆடையின் மேலாகவே தொட்டுப் பழகலாம். கணவர் உதவலாமா என்பதை அந்தப் பெண்ணே முடிவு செய்ய வேண்டும்; மாமியாரோ சிகிச்சையாளரோ அன்று. வாய் மடலுக்கு, காயம் ஆறி மருத்துவர் அனுமதித்த பின், குளிர்ந்த கரண்டியையும் சாதாரணக் கரண்டியையும் மாற்றி மாற்றி வைத்து வேறுபாடு அறியும் பயிற்சி நல்லது. கதிர்வீச்சால் வாய் புண்ணாக இருக்கும் வாரங்களில் அதை நிறுத்திவிடுங்கள். பேச்சு மற்றும் விழுங்குதல் சிகிச்சையாளரின் வழிகாட்டல் இதற்குத் தேவை.

தொட்டாலே கூசித் துடிக்கும் இடத்துக்கு வேறு வழி. அங்கே மிக மென்மையான பஞ்சில் தொடங்கி, தாங்கும் அளவுக்கு ஏற்பக் கரடான துணிக்குச் செல்ல வேண்டும். கூசுகிறது என்று துணி கட்டி மூடிவைத்தால் கூச்சம் நாளுக்கு நாள் வளரும்.

அளவிடுதலும், வராதபோது செய்வதும்

சில மாதங்களுக்கு ஒருமுறை சிகிச்சையாளர் தடிமன் வேறுபட்ட, நிறமிட்ட நைலான் இழைகளைத் தோலில் அழுத்தி அளப்பார். மெல்லிய பச்சை இழை 0.07 கிராம் விசையில் வளையும். கையில் அது தெரிந்தால் இயல்பான தொடுவுணர்வு. ஊதா இழைக்கு 2 கிராம். அதுவும் தெரியாமல் சிவப்பு இழை மட்டுமே தெரிகிறது என்றால் தீக்காயத்திலிருந்து காக்கும் உணர்வு இன்னும் வரவில்லை, மேலே சொன்ன காப்பு விதிகள் அனைத்தும் தொடர வேண்டும். விரலில் இருமுனை வேறுபாடு 10 மி.மீ.க்குள் வந்துவிட்டால் பொத்தான் போடுவது போன்ற நுண்வேலைகள் எளிதாகும். வீட்டில் நீங்கள் கவனிக்கக்கூடிய இரண்டு குறிகளும் உண்டு: வறண்டிருந்த மடலில் வியர்வை துளிர்ப்பது, நீரில் ஊறவைத்த விரல்நுனி மறுபடியும் சுருங்குவது. ஒவ்வொரு அளவையும் தேதியோடு ஒரு குறிப்பேட்டில் எழுதிவைத்து, சந்திப்புக்கு வரும்போது கொண்டுவாருங்கள். அரசு மருத்துவமனையில் ஒவ்வொரு முறையும் வேறு மருத்துவர் பார்க்க நேரலாம்; அந்தக் குறிப்பேடுதான் உங்கள் தொடர்ச்சி.

தொலைவை வைத்துக் கணக்கிட்ட காலம் கடந்தும் சுரீரென்ற புள்ளி முன்னேறாமல் ஒரே இடத்தில் நின்றுவிட்டால் அதை மருத்துவரிடம் நேரடியாகக் கேளுங்கள். இணைப்பு தழும்பில் சிக்கியிருக்கலாம், அல்லது பிரிந்திருக்கலாம்; சிலருக்கு மீண்டும் திறந்து நரம்புத் துண்டு வைத்து இணைப்பது பொருத்தமாக இருக்கும். தசைக்குரிய நரம்பு ஓராண்டு, ஒன்றரை ஆண்டுக்கு மேல் தாமதித்தால் தசை மீளாது. தோலின் உணர்வுக்கு அவ்வளவு கடுமையான கெடு இல்லை, தாமதமான இணைப்பிலும் காப்புணர்வு கிடைக்கக்கூடும். ஆனாலும் மறு அறுவை மடலின் இரத்தக் குழாய்க்கு அருகிலேயே நடக்கும் என்பதால், கிடைக்கக்கூடிய உணர்வின் மதிப்பையும் மடலுக்கு வரும் இடரையும் மருத்துவரோடு அமர்ந்து எடைபோட வேண்டும். விரல்நுனி, நாக்கு, குதிகால் ஆகிய மூன்று இடங்களுக்கு அந்த முயற்சியைப் பற்றிப் பேசிப் பார்க்கத் தயங்காதீர்கள் என்பதே என் கருத்து. அங்கே உணர்வின்மை நாள்தோறும் தீங்கு செய்யும். இரண்டாம் அறுவை வேண்டாம் என்று முடிவெடுத்தவர்கள், காப்பு விதிகளை வாழ்நாள் முழுவதும் கடைப்பிடிப்பதோடு, ஆண்டுக்கு ஒருமுறையாவது இழைச் சோதனைக்கு வந்துசெல்ல வேண்டும். இரண்டாம், மூன்றாம் ஆண்டிலும் உணர்வு மெல்லக் கூடுவது உண்டு.